ரூட்டை மட்டும் பிடித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜாஸ் சாயலில் கிடார் சோலோ (தனி வாசிப்பு) வாசிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டார மெல்லிசை மேடைகளில் பேஸ் (அடி ஸ்வரங்களுக்கான கிடார்) வாசிக்கும் நாங்கள் சிலர் படித்தோம். கிடார் பழகுகிறவர்களுக்கு அதில் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் சோலோ ஓடும்போது பேஸ் வாசிப்பவர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) ரூட், அதாவது ஆதார ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றால் போதும் என்று ஒரே வரியில் கடைசிப் பத்தியை முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வரி எங்களுக்கு ஒப்பவில்லை. கிடார்காரர் தொடுகிற ஸ்வரத்துக்கு என்ன பொருள் என்பதை அடியில் ஒலிக்கும் பேஸ்தான் முடிவு செய்கிறது. அது தெரியாமல் பேஸ் வாசித்தால் கிடார்காரர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அவருடைய சோலோ தப்பாகத்தான் கேட்கும்.

கிடாரில் ஈ, ஜி, பி, டி என்ற நான்கு மேற்கத்திய ஸ்வரங்களைச் சேர்த்து ஒரு கார்டு பிடிக்கச் சொல்லுங்கள். பேஸில் ஈ வாசித்தால் அது ஈ மைனர் செவன்த் (தேர்டு, செவன்த், நயன்த் எல்லாம் ரூட்டிலிருந்து எத்தனையாவது ஸ்வரம் என்ற எண்ணிக்கைதான்). கிடார்காரர் கையை எடுக்காமலே இருக்கட்டும். நீங்கள் பேஸை சி-க்கு மாற்றுங்கள், சி மேஜர் நயன்த் ஆகிவிடும். ஏ-க்குப் போனால் ஏ நயன்த் சஸ்பென்டட், அதாவது அடுத்த கார்டுக்காகக் காத்துத் தொங்குகிற ஒலி. எஃப்-க்குப் போனால் பி என்ற ஸ்வரம் ஷார்ப் (அரை ஸ்வரம் ஏறிய) லெவன்த் ஆகி, கல்யாணி ராகத்தின் பிரதி மத்யமம் போல மேலே மிதக்கும். கிடாரில் ஒரு விரலும் நகரவில்லை. கார்டுக்கு நான்கு பெயர் வந்துவிட்டது. ஜாஸ் கிடார்காரர்கள் பேஸ் கூட இருந்தால் ரூட்டைத் தங்கள் கார்டிலிருந்து கழற்றிவிடுவது இதனால்தான். அந்தப் பொறுப்பைப் பேஸிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சமுள்ள விரல்களில் நயன்த், தர்ட்டீன்த் என்று மேலே ஏறிப்போகிறார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது சிக்கலாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. வீணை வித்வான்கள் காரைக்குடி சகோதரர்கள் வாழ்ந்து வாசித்த ஊர் இது. வீணையின் பக்கத் தந்திகள் ஸ, ப, மேல் ஸ என்று கச்சேரி முடியும் வரை அசையாமல் ஒலிக்கும். ஆதாரம் நகராது என்பதே நம் காது படித்த முதல் பாடம். ஜாஸில் ஆதாரம் ஒவ்வொரு பாரிலும் (நான்கு தட்டுள்ள தாளக் கட்டத்திலும்) நகர்கிறது, நகர்த்துவது பேஸ். கர்நாடக இசை தெரிந்தவருக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: கிரகபேதம். ஸ்வரங்களை அப்படியே வைத்து ஆதார ஸட்ஜத்தை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினால் வேறு ராகம் வருகிறதல்லவா, அதை ஒரு பாருக்கு ஒரு முறை செய்கிறவர்தான் ஜாஸ் பேஸ் வாசிப்பவர். (கீழே ராகப் பெயர்கள் வருமிடமெல்லாம் ஸ்வர வரிசைக்கு அடையாளமாகத்தான் வருகின்றன. கமகமும் பிடியும் இல்லாத வரிசையை ராகம் என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.)

இனி நடைமுறைக்கு வருவோம். ஜாஸ் சாயலுள்ள சோலோக்களில் பெரும்பாலானவை இரண்டு–ஐந்து–ஒன்று என்ற கார்டு ஓட்டத்தின் மேல்தான் ஏறுகின்றன. சி ஸ்கேலில் டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த். சி-யை ஸட்ஜமாக வைத்தால் முதல் கார்டு ரி-ம-த-ஸ, இரண்டாவது ப-நி-ரி-ம, மூன்றாவது ஸ-க-ப-நி. ஒவ்வொரு கார்டிலும் தேர்டு, செவன்த் என்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் தனியே எடுங்கள். முதலாவதில் ம, ஸ. இரண்டாவதில் நி, ம. மூன்றாவதில் க, நி. ம அப்படியே நிற்க, ஸ மட்டும் ஒரு ஃப்ரெட் (கிடார் கழுத்தில் ஒரு கட்டம், அரை ஸ்வரம்) இறங்கி நி ஆகிறது; பிறகு நி நிற்க, ம ஒரு ஃப்ரெட் இறங்கி க ஆகிறது. சோலோவின் நகர்வு முழுவதும் இந்த இரண்டு இறக்கத்தில்தான் இருக்கிறது. நல்ல கிடார்காரர் எத்தனை ஸ்வரம் கொட்டினாலும் கார்டு மாறுகிற தட்டில் இந்த இரண்டில் ஒன்றில்தான் இறங்குவார்.

பேஸில் இது கைக்குள் அடங்குகிற விஷயம். டி தந்தி 3-ஆம் ஃப்ரெட்டில் எஃப், ஜி தந்தி 5-ஆம் ஃப்ரெட்டில் சி. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்: இது முதல் கார்டு. ஜி தந்தி விரலை 4-க்கு இறக்குங்கள், பி: இது இரண்டாவது. டி தந்தி விரலை 2-க்கு இறக்குங்கள், ஈ: இது மூன்றாவது. ரூட்டே வாசிக்காமல் மூன்று கார்டும் காதில் விழும். சோலோவுக்குப் பேஸ் வாசிக்கிற எவரும் முதலில் பழக வேண்டியது இந்த இரண்டு தந்தி வேலைதான், மெட்ரோனோமை (தட்டு எண்ணும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, பாருக்கு ஒரு முறை. பலர் இதைத் தாண்டி நேராக வாக்கிங் பேஸுக்கு (தட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடந்து போகும் முறைக்கு) தாவுகிறார்கள். பிறகு கார்டு மாறுகிற இடம் தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதே இரண்டு ஸ்வரச் சேர்க்கையை ஈ தந்தியின் அடிப்பகுதியில் பிடிக்காதீர்கள். திறந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ், அதன் மேஜர் தேர்டான ஜி ஷார்ப் 51.9 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே 11 ஹெர்ட்ஸ்கூட இல்லை. காது அவற்றைத் தனித்தனியே பிரிக்காது, உறுமலாகத்தான் கேட்கும். தேர்டு வேண்டுமானால் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) தூக்கி வையுங்கள். ஈ தந்தி 3-ஆம் ஃப்ரெட்டில் ஜி 49 ஹெர்ட்ஸ், ஜி தந்தி 4-ஆம் ஃப்ரெட்டில் பி 123.5 ஹெர்ட்ஸ். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்.

இப்போது வாக்கிங். பாருக்கு நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு ஸ்வரம். முதல் தட்டில் ரூட், நான்காவது தட்டில் அடுத்த ரூட்டுக்கு ஒரு ஃப்ரெட் மேலோ கீழோ இருக்கிற ஸ்வரம், நடுவில் கார்டின் ஸ்வரங்கள். இது பொது விதி, பெரும்பாலும் சரி. ஆனால் நடு ஸ்வரங்களை எதை எடுப்பது என்பதில்தான் கிடார் சோலோ வாழ்வதும் சாவதும். நான்கு பாருக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இதோ. முதல் பார், டி மைனர்: ஏ தந்தி 5 (டி), ஏ தந்தி 8 (எஃப்), டி தந்தி 7 (ஏ), டி தந்தி 6 (ஏ ஃப்ளாட், அதாவது ஏ-க்கு ஒரு ஃப்ரெட் கீழே). இரண்டாவது பார், ஜி: டி தந்தி 5 (ஜி), டி தந்தி 3 (எஃப்), ஏ தந்தி 2 (பி), ஏ தந்தி 4 (டி ஃப்ளாட்). மூன்றாவது பார், சி: ஏ தந்தி 3 (சி), டி தந்தி 2 (ஈ), டி தந்தி 5 (ஜி), ஜி தந்தி 2 (ஏ). நான்காவது பார்: ஜி தந்தி 4 (பி), டி தந்தி 5 (ஜி), ஏ தந்தி 7 (ஈ), ஏ தந்தி 6 (ஈ ஃப்ளாட்). மறுபடி ஏ தந்தி 5-இல் டி.

திறந்த தந்தி ஒன்றுகூட இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாடகர் ஒன்றரைக் கட்டை சுருதி கேட்டால் ஒரு ஃப்ரெட் மேலே, இரண்டு கட்டைக்கு இரண்டு ஃப்ரெட், மூன்று கட்டைக்கு நான்கு, நான்கு கட்டைக்கு ஐந்து ஃப்ரெட் தள்ளி அப்படியே வாசிக்கலாம்.

இரண்டாவது பாரை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜி, எஃப், பி, டி ஃப்ளாட், அடுத்து சி. மூன்றாம் தட்டில் பி கீழிருந்தும், நான்காம் தட்டில் டி ஃப்ளாட் மேலிருந்தும் சி-யை மடக்கிப் பிடிக்கின்றன. வழக்கமாகப் புத்தகங்களில் கற்றுத்தருவது ஜி, பி, டி, டி ஃப்ளாட் என்ற வரிசை. சாதாரண ஜி செவன்த்துக்கு அது தப்பில்லை. ஆனால் ஜாஸ் பக்கம் சாய்கிற கிடார்காரர் ஜி செவன்த்தில் சும்மா இருக்கமாட்டார். ஏ-யை ஏ ஃப்ளாட்டாகவும், டி-யை டி ஃப்ளாட் அல்லது ஈ ஃப்ளாட்டாகவும் திருகுவார். இதைத்தான் ஆல்டர்டு என்கிறார்கள். அவர் ஈ ஃப்ளாட்டில் நின்று இழுக்கும்போது நீங்கள் மூன்றாம் தட்டில் பலமாக டி அடித்தால் இரண்டுக்கும் ஒரு ஃப்ரெட் இடைவெளியில் ஆக்டேவ் தாண்டி மோதும். கூட்டத்தில் இருப்பவர்கள் கிடார்காரர் பிசகிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். பழி அவர் தலையில், காரணம் உங்கள் கையில். நாங்கள் சொன்ன வரிசையில் டி-யே வரவில்லை. ஜி, எஃப், பி, டி ஃப்ளாட் நான்கும் ஆல்டர்டிலும் உள்ளவை. கிடார்காரர் நேராகப் போனாலும் திருகினாலும் அது தாங்கும்.

கிடார்காரர் எங்கே போகிறார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? ஒத்திகையில் பேசிக்கொள்வது உத்தமம். மேடையில் என்றால் ஜி பாரின் முதல் இரண்டு தட்டிலேயே ஏ ஃப்ளாட்டோ பி ஃப்ளாட்டோ காதில் விழுந்தால் ஆல்டர்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆல்டர்டு ஸ்கேலைப் பற்றி நம் ஊர் ஆட்களுக்குச் சொல்ல ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. ஜி ஆல்டர்டின் ஏழு ஸ்வரங்கள்: ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப். ஏ ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்து எண்ணுங்கள், கௌரிமனோகரி ராகம் வரும், 23-ஆவது மேளம் (ஏழு ஸ்வரத் தாய் ராகம்). அதன் நிஷாதத்திலிருந்து தொடங்கினால் ஜி ஆல்டர்டு. ஜி-யை ஆதாரமாக வைத்துப் பார்த்தால் பஞ்சமமே இல்லை, டி இருக்க வேண்டிய இடத்தில் டி ஃப்ளாட் நிற்கிறது. அதனால் 72 மேளத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் பேஸ் வாசிப்பவர் அதே பாரில் ஜி-க்குப் பதிலாக டி ஃப்ளாட்டில் போய் உட்கார்ந்தால்? கௌரிமனோகரியின் மத்யமம் ஆதாரமாகிறது. அது வாசஸ்பதி, 64-ஆவது மேளம். பஞ்சமம் திரும்பி வந்துவிடும், நெருடல் போய் ஒரு குளிர்ச்சி வரும். கிடார்காரர் ஒரு ஸ்வரமும் மாற்றவில்லை.

ஜி செவன்த்துக்கு டி ஃப்ளாட் செவன்த்தைப் போடுவதை ட்ரைடோன் மாற்று என்பார்கள். செல்லுபடியாவதற்குக் காரணம், பி, எஃப் என்ற அந்த இரண்டு ஸ்வரம் இரண்டு கார்டுக்கும் பொது. தேர்டும் செவன்த்தும் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவே. பேஸுக்குக் கிடைக்கும் லாபம்: ஏ தந்தியில் 5, 4, 3 என்று டி, டி ஃப்ளாட், சி. மூன்று ஃப்ரெட் வரிசையாக இறங்கி வீடு சேரலாம். ஆனால் கீபோர்டுகாரர் ஜி-யில் பஞ்சமத்தோடு, அதாவது டி-யோடு கார்டு அழுத்திக்கொண்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள்; டி-யும் டி ஃப்ளாட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பேஸ், கிடார், கீபோர்டு மூவரும் கண்ணால் பேசிக்கொண்டால்தான் இது நடக்கும்.

கட்டுரையில் பென்டடானிக் (ஐந்து ஸ்வர வரிசை) பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் பேஸுக்கு ஒரு வார்த்தையும் இல்லை. உண்மையில் பேஸுக்கு அதிக வேலை இருப்பது அங்கேதான். மைனர் பென்டடானிக் நம் சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரம்: ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். மெல்லிசை மேடையில் எல்லா கிடார்காரர் கையிலும் முதலில் ஏறுவது இதுதான். இதை வைத்தே இரண்டு–ஐந்து–ஒன்றைக் கடக்க ஒரு வழி இருக்கிறது. டி மைனர் பாரில் 5-ஆம் ஃப்ரெட்டில் ஏ மைனர் பென்டடானிக், ஜி பாரில் அதே கை அமைப்பை 6-ஆம் ஃப்ரெட்டுக்குத் தூக்கி பி ஃப்ளாட், சி பாரில் 7-ஆம் ஃப்ரெட்டில் பி. ஒரே அச்சு, பாருக்கு ஒரு ஃப்ரெட் மேலே. கேட்கிறவருக்குப் பெரிய வித்தை, கிடார்காரருக்குச் சுலபம். ஆனால் பேஸ் கைவிட்டால் மொத்தமும் சரிந்துவிடும்.

ஏன் என்று ஸ்வரத்தை எண்ணிப் பாருங்கள். ஏ மைனர் பென்டடானிக்: ஏ, சி, டி, ஈ, ஜி. டி மைனரின் தேர்டான எஃப் இதில் இல்லை. அதைப் பேஸ் வாசிக்காவிட்டால் அந்த பார் மைனரா மேஜரா என்றே தெரியாது. பி ஃப்ளாட் மைனர் பென்டடானிக்: பி ஃப்ளாட், டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட். ஜி-க்கு இவை முறையே ஷார்ப் நயன்த், ஷார்ப் லெவன்த், ஃப்ளாட் தர்ட்டீன்த், செவன்த், ஃப்ளாட் நயன்த். திருகல் ஸ்வரம் நான்கும் கிடாரில் இருக்கின்றன. ஜி-யும் இல்லை, பி-யும் இல்லை. அந்த இரண்டையும் பேஸ் தராவிட்டால் ஜி செவன்த் என்ற கார்டே மேடையில் இல்லை. கிடார்காரர் பி ஃப்ளாட்டுக்கு ஓடிப்போய்விட்டார் என்றுதான் கேட்கும். பி மைனர் பென்டடானிக்: பி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ. சி-யின் தேர்டு ஈ இருக்கிறது, ரூட் சி இல்லை. அதோடு எஃப் ஷார்ப் வந்திருப்பதால் அந்த பாரில் பேஸ் தப்பித்தவறியும் எஃப் தொடக்கூடாது.

மேலே கொடுத்த நான்கு பார் வரிசையை இத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பாரில் எஃப் இரண்டாம் தட்டில், இரண்டாம் பாரில் ஜி முதல் தட்டில், பி மூன்றாம் தட்டில், மூன்றாம் பாரில் சி முதல் தட்டில். சி பார்களில் எஃப் இல்லை. கிடாரில் இல்லாததைப் பேஸ் நிரப்புகிறது. ரூட்டை மட்டும் பிடித்திருந்தால் டி, ஜி, சி மூன்றும் வந்திருக்கும். எஃப்-பும் பி-யும் வந்திருக்காது. கட்டுரையாளர் சொன்னபடி வாசித்தால் குறைவது இந்த இரண்டு ஸ்வரம்தான், ஆனால் கார்டுக்கு உயிர் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

ப்ளூஸ் பற்றிச் சுருக்கமாக. சி செவன்த்தில் கிடார்காரர் சாதாரண காந்தாரத்தைப் பிடித்துத் தந்தியை வளைத்து அந்தர காந்தாரம் வரைக்கும் ஏற்றுவார், பாதி வழியில் நிறுத்தியும் விடுவார். பேஸ் அப்போது ஈ-யை நேராகக் கொடுக்க வேண்டும். நீங்களும் ஈ ஃப்ளாட் கொடுத்தால் அவர் வளைப்பதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்காது.

அடுத்து, கிடார்காரர் வேண்டுமென்றே கார்டின் ஸ்வரங்களை விட்டு வெளியே போகிற இடங்கள். டி மைனரிலேயே எட்டு பார் நிற்கும்போது இரண்டு பாருக்கு ஈ ஃப்ளாட் மைனருக்குத் தாவிவிட்டுத் திரும்புவார். அனுபவம் குறைந்த பேஸ் வாசிப்பவர் பதறிப்போய் அவரைத் துரத்திக்கொண்டு ஈ ஃப்ளாட்டுக்குப் போவார். துரத்தவே கூடாது. இருவரும் போனால் அது வெறும் ஸ்கேல் மாற்றம், வெளியே போனதாகவே தெரியாது. நீங்கள் டி-யில் ஊன்றி நின்றால்தான் அவர் விலகியதும் திரும்பியதும் கேட்கும். அதேபோல் அடுத்த கார்டின் ஸ்வரத்தை அரைத் தட்டு, ஒரு தட்டு முன்னாலேயே கிடார்காரர் எடுத்துவிடுவார். அதையும் பிழை என்று நினைத்துப் பேஸ் முன்கூட்டியே மாறினால், டிரம்ஸ் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் ஆகி எண்ணிக்கை பிசகும். கார்டு மாறும் தட்டு உங்கள் பொறுப்பு. அவர் முந்தலாம், பிந்தலாம்.

ஸ்விங் தாளம் நம் வாசிப்பாளர்களுக்குக் கஷ்டமில்லை. திஸ்ரத்தின் த-கி-ட-வில் த, ட இரண்டை மட்டும் வாசித்தால் நடுத்தர வேகத்தில் ஏறக்குறைய அதுதான். வேகம் கூடக்கூட இரண்டும் சம அளவை நெருங்கிவிடும். பேஸின் நான்கு தட்டும் சமமாகவே இருக்க வேண்டும், அவற்றை ஆட்ட வேண்டாம். மெட்ரோனோம் ஒலியை ஒன்று, மூன்றில் வைக்காமல் இரண்டு, நான்கில் விழுகிறதாக நினைத்துப் பழகுங்கள். முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும்.

கருவி விஷயத்தில் ஒரு பிழை எங்கும் நடக்கிறது. வாக்கிங் பேஸ் என்பது நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மரப் பேஸில் பிறந்த முறை. விரலால் இழுத்தால் அதன் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த ப்ரெசிஷன் பேஸும் அதன் வாரிசுகளும் அப்படியல்ல, ஒரு முறை தட்டினால் விடாமல் ஒலிக்கும். அதனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடுத்தது வருவதற்குச் சற்று முன்னால் இடக்கை விரலைத் தளர்த்தி அடக்க வேண்டும். பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் அடிப்பகுதி) பக்கம் தந்திகளுக்கு அடியில் சிறு ஃபோம் துண்டு செருகினாலும் ஆகும். இதைச் செய்யாமல் பத்து நாள் வாக்கிங் பழகினாலும் கஞ்சிபோலக் குழைந்துதான் வரும்.

நம் பக்கத்து மேடைகளுக்கென்று தனிப் பிரச்சினைகள் உண்டு. செட்டிநாட்டு வீட்டு வளவில் (முற்றத்தில்) கல்யாணக் கச்சேரி என்றால் நாலு பக்கமும் முட்டைப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண். ஒலியை உறிஞ்ச ஒன்றும் கிடையாது. மூடிய மண்டபத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 7 மீட்டர் இருந்தால் 49, 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கி நிற்கும். அது ஈ தந்தி 3-ஆம் ஃப்ரெட் ஜி. பல ஸ்வரங்கள் ஒழுங்காகக் கேட்க, இந்த ஜி இடி மாதிரி விழும். ஆம்ப்ளிஃபயரை மூலையில் வைப்பதால் இது இன்னும் மோசமாகும், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஜி-யை டி தந்தி 5-ஆம் ஃப்ரெட்டில் வாசியுங்கள். மேலே கொடுத்த வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது. கோயில் திருவிழாவில் தெருவெல்லாம் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கிகள் எதிர்ப்பிரச்சினை. அவற்றில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வெளிவராது. தெருமுனையில் நிற்பவருக்கு உங்கள் அடி ஸ்வரம் போய்ச் சேராது, அதன் மேல் அடுக்குகள்தான் சேரும். ஐந்து தந்தி பேஸின் கீழ் பி, 31 ஹெர்ட்ஸ், அங்கே வாசித்துப் பயனில்லை.

கீபோர்டுகாரரின் இடக்கை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செலவு குறைக்க விழாக் குழுவினர் பேஸ் ஆளையே வெட்டிவிட்டு இடக்கையில் பேஸ் போடச் சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில், பேஸ் ஆள் இருக்கிற மேடையிலும் இடக்கை கீழேயே கிடக்கிறது. நீங்கள் டி ஃப்ளாட்டுக்குப் போக, அவர் இடக்கை ஜி-யில் இருந்தால் இரண்டு ஆதாரம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். கிடார் சோலோ எதன் மேல் நிற்கும்? ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்: சோலோ ஓடும் வரை 130 ஹெர்ட்ஸ் சி-க்குக் கீழே கீபோர்டு வரக்கூடாது, விடாமல் இழுக்கும் பேட் ஒலியும் அப்போது வேண்டாம்.

கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்கு: கிடாரில் வெஸ் மான்ட்கோமரி (1923–1968), ஜோ பாஸ்; பேஸில் பால் சேம்பர்ஸ் (1935–1969), ரே பிரவுன். எலக்ட்ரிக் பேஸில் ஜாகோ பாஸ்டோரியஸ் (1951–1987), ஆனால் அவரை முதலிலேயே பிடித்துக்கொண்டால் கை வேகத்தில் மயங்கி ஆதாரத்தை விட்டுவிடுவீர்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். தமிழில் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வரிகளைத் தனியே எழுதிப் பாருங்கள். ரூட்டில் நிற்காமல் தேர்டிலும் செவன்த்திலும் இறங்குகிற பேஸை நம் காது அங்கே பல காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த பெட்டியில் ஜி ஆல்டர்டுக்கு ஏ ஃப்ளாட்டில் கீரவாணி வாசிக்கலாம் என்று அச்சாகியிருக்கிறது. அது கௌரிமனோகரி என்றிருக்க வேண்டும். இரண்டுக்கும் தைவதம் ஒன்றுதான் வேறுபாடு, ஆனால் வேறுபடுகிற இடம் மோசமான இடம். கௌரிமனோகரியின் சதுச்ருதி தைவதம் ஏ ஃப்ளாட்டிலிருந்து எண்ணினால் எஃப். கீரவாணியின் சுத்த தைவதம் ஈ. ஈ வந்து எஃப் போனால் ஜி செவன்த்தின் செவன்த்தே போய்விடுகிறது. பெட்டியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு பழகுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பேஸ் கிடார் வாசிப்போர் சிலர்,
காரைக்குடி.